மழையில் எரியும் சறுக்கல் விளக்கு: மாட்யூலை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரிதானா என்று பாருங்கள். புனலூரில் இருந்துகொண்டு ஆரியங்காவு, புளியரை வழியாகத் தென்காசிக்கு அடிக்கடி வந்து போகிறீர்கள். முன்சக்கரம் இழுக்கும் கார். மழை தொடங்கியதிலிருந்து, காருக்குப் பின்னால் இரண்டு வளைகோடு வரைந்த மஞ்சள் விளக்கு எரிகிறது, சில நேரம் ஏபிஎஸ் (ஓங்கிப் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்துகொள்கிறது. சாவியை அணைத்துப் போட்டால் போய்விடுகிறது, ஒரு நாலைந்து வளைவு தாண்டினால் திரும்ப வருகிறது. வெயில் அடித்த நாளில் தொந்தரவே இல்லை. சர்வீஸ் சென்டரில் ஏபிஎஸ் மாட்யூல் (பிரேக்கைக் கட்டுப்படுத்தும் பம்பும் மின்னணுவும் சேர்ந்த பெட்டி) போய்விட்டது என்று சொல்லிப் பெரிய தொகை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, இந்த விளக்கோடு மலை இறங்கலாமா? மாட்யூல் மாற்றத்தான் வேண்டுமா?" என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு மாதத்துக்கு முன்னால் வலது முன்சக்கர பேரிங் மாற்றியது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மலை இறங்கலாம், சிவப்பு பிரேக் விளக்கு கூடவே எரியாத வரைக்கும். மாட்யூலை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் அது சந்தேகப் பட்டியலில் கடைசியில்தான் வரும். நான் செங்கோட்டைப் பக்கம் பல வருடமாக வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன், எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டிகளும் நிறைய வரும். ஆனாலும் உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த விளக்கு சிமிட்டுகிறதா, நிலையாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அர்த்தம் நேர் எதிர். புளியரை எஸ் வளைவில் கல் லாரிகள் ஏறி இறங்கி ஜல்லியும் எம் சாண்டும் சிதறிக் கிடக்கும். அதன் மேல் சாரல் விழுந்தால் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏற்றத்தில் வளைக்கும்போது உள்பக்க முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது சும்மா சுழலப் பார்க்கும். உடனே டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, எஞ்சின் இழுவையையும் குறைக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி ஒரு நொடி மந்தமாகத் தெரியும், விளக்கு படபடவென்று சிமிட்டி நின்றுவிடும். அது கோளாறு கிடையாது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்காக எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போக வேண்டாம். அடிக்கடி சிமிட்டினால் டயரை மட்டும் பாருங்கள். கார் டயரில் பட்டன் ஆழம், அதாவது வரிப்பள்ளத்தின் ஆழம், சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றாலும், மழையில் இந்த மலையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே நான் மாற்றச் சொல்லிவிடுவேன்.

நிலையாக எரிந்தால் கதை வேறு. சறுக்கல் தடுப்பு அமைப்பு தனக்குக் கிடைக்கும் தகவலை நம்ப முடியாமல் தானாகவே ஒதுங்கிவிட்டது என்று பொருள். அதற்கு நாலு சக்கரத்தின் வேகமும் தெரிய வேண்டும், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்றும் தெரிய வேண்டும். ஸ்டீயரிங் சொல்வதும் வண்டி திரும்புவதும் ஒத்துப்போகாவிட்டால் எந்தச் சக்கரத்தைப் பிடிப்பது என்று அது முடிவு செய்யும். பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரம், முன்பக்கம் திரும்பாமல் நேரே போனால் உள்பக்கப் பின்சக்கரம். தகவலில் ஒன்று பொய்யானாலும் தப்பான சக்கரத்தைப் பிடித்துவிடும், அதைவிட ஆபத்து வேறில்லை. அதனால்தான் சின்னச் சந்தேகம் வந்தாலும் ஒதுங்குகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஒதுங்கினாலும் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஏபிஎஸ்ஸும் இல்லை, மழையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருளவிடாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டும் அநேகமாக வேலை செய்யாது. கோட்டைவாசல் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு பிரேக் விளக்கு கூடவே வந்தால் மட்டும் ஓரமாக நிறுத்திவிடுங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக்கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். அது நின்றால் ஓங்கிப் பிடிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டும், வண்டி குறுக்கே திரும்பிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கியிருக்கிறீர்களா, டப்பாவில் ஆயில் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால் வண்டியைக் கட்டித் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி உங்கள் வண்டி. சாவியை அணைத்துப் போட்டால் விளக்கு போய்விடுவதால் தானாகச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது புதிதாகச் சோதித்துப் பார்க்கும். வயர் அறுந்து கிடந்தால் நிற்கும்போதே தெரிந்துவிடும். சக்கர வேகம் ஒழுங்காக வருகிறதா என்பது வண்டி நகர்ந்தால்தான் தெரியும். அதனால் ஸ்டார்ட்டில் அணைந்து, ஓட்டம் பிடித்து, ஒரு வளைவில் தகவல் ஒரு கணம் விட்டுப்போனதும் திரும்ப எரிகிறது. விளக்கு அணைந்தாலும் கோடு (code), அதாவது எந்தக் கோளாறு என்று வண்டி குறித்து வைக்கும் எண், நினைவில் இருக்கும். அதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி, அதை யாரும் அழிக்கும் முன்னால் எழுதி வாங்குங்கள். போனில் பார்க்கிற விலை மலிந்த புளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்சின் கோட்டை மட்டும்தான் படிக்கும், பிரேக் பக்கத்துக் கோடு அதில் வராது. 'ஸ்கேன் பண்ணினேன், ஒன்றுமில்லை' என்று வருகிற பாதிப் பேர் அந்தக் கருவியால் பார்த்தவர்கள்தான். ஏபிஎஸ் பகுதியைத் திறந்து படிக்கும் ஸ்கேனர் வேண்டும். சி 0035 என்றால் இடது முன்சக்கரம், சி 0040 என்றால் வலது முன்சக்கரம், சி 0045 இடது பின்சக்கரம், சி 0050 வலது பின்சக்கரம். கம்பெனிக்குக் கம்பெனி தங்கள் சொந்த எண்ணும் வைத்திருப்பார்கள், ஆனால் எந்தச் சக்கரம் என்பதை அதுவும் சொல்லும்.

இங்கேதான் நிறைய இடத்தில் பணம் வீணாகிறது. வலது முன்சக்கர சென்சார் (சக்கர வேகத்தைப் படிப்பது) என்று கோடு சொன்னால், அந்தச் சென்சாரிலிருந்து மாட்யூல் வரை உள்ள பாதையில் எங்கோ சிக்கல் என்றுதான் அர்த்தம். சென்சாராக இருக்கலாம், அது படிக்கிற, சக்கரத்தோடு சுற்றும் வளையமாக இருக்கலாம், வயர், வயரை இணைக்கும் கப்ளர், எதுவும் இருக்கலாம். சென்சார் மாற்றிப் பார்த்து, போகவில்லை என்றால் மாட்யூல் என்று தாவிவிடுகிறார்கள். நடுவில் உள்ள வயரை யாரும் பார்ப்பதில்லை. ஒர்க்‌ஷாப்காரர்களை முழுதாகக் குற்றம் சொல்லவும் மாட்டேன். இந்தச் சறுக்கல் தடுப்பு அமைப்பு கார்களில் வந்தது 1995-இல் என்றாலும், நம் ஊரில் ஏபிஎஸ்ஸே எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். சின்னக் கார்களில் இது பரவலானது அதற்கும் பிறகு. பழகிய கைகள் இன்னும் குறைவு.

இப்போது பேரிங்குக்கு வருகிறேன். இன்றைய கார்கள் நிறையவற்றில் சென்சார் படிக்கும் வளையம் தனியாக இருக்காது, பேரிங்கின் ஒரு பக்கத்து சீலுக்குள்ளேயே காந்தப் பட்டையாக இருக்கும். பார்த்தால் சாதாரணக் கறுப்பு ரப்பர் சீல் மாதிரிதான் தெரியும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து வர வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் பேரிங் ஜோராகச் சுற்றும், சத்தம் இருக்காது, ஆனால் சென்சாருக்கு ஒன்றுமே கிடைக்காது. அடிக்கும் முன்னால் பேரிங்கின் இரண்டு முகத்திலும் ஒரு சின்ன ஜெம் கிளிப்பைக் காட்டினால் எந்தப் பக்கம் லேசாக இழுக்கிறதோ அதுதான் காந்தப் பக்கம். அதற்கென்று ஒரு பச்சை அட்டையும் கிடைக்கிறது, மேலே வைத்தால் காந்தக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். பலமான காந்தத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, பட்டை கெட்டுவிடும். உங்கள் வண்டியில் பேரிங் திரும்பிப் போயிருக்குமா? இருக்காது என்று அடித்துச் சொல்வேன். அப்படியிருந்தால் வெயில் மழை பார்க்காமல், வண்டி எடுத்த நூறு மீட்டரிலேயே தினமும் விளக்கு வந்திருக்கும். உங்களுக்கு மழையில், வளைவில் மட்டும் வருகிறது.

அதனால் என் சந்தேகம் வயர் மேல். இது ஊகம்தான், ஆனால் பலமான ஊகம். பேரிங் மாற்ற ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) கழற்றும்போது சென்சாரை வெளியே எடுக்க வேண்டும், அல்லது அதன் வயரைக் கிளிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். சென்சார் துருவில் இறுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்புவார்கள், முனை நசுங்கும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே செப்பு இழை அறுந்து மேல் ரப்பர் மட்டும் முழுசாக இருக்கும். திரும்ப மாட்டும்போது சட்டையில் ஒரு பொத்தானை விட்டுவிட்டுப் போடுகிற மாதிரி ஒரு கிளிப்பை விட்டுவிடுவார்கள். வயர் தொங்கி, ஸ்டீயரிங் ஒடிக்கும்போதெல்லாம் டயரின் உள்பக்கத்திலோ ஷாக் அப்சார்பர் மேலோ உரசும். ரப்பர் தேய்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் பட்டால் சிக்னல் கசியும், காய்ந்தால் சரியாகிவிடும். நீங்கள் எழுதியதற்கு இது அப்படியே பொருந்துகிறது.

பார்ப்பது கஷ்டமில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்து வைத்துவிட்டு டார்ச் அடித்து வலது முன்சக்கரத்தின் பின்னால் பாருங்கள். ஹப்பிலிருந்து கிளம்பும் விரல் பருமன்கூட இல்லாத கறுப்பு வயர் ஷாக் அப்சார்பரில் ஒரு கிளிப்பில் உட்கார்ந்து, சக்கரக் குழிக்குள் போய் மறையும். இடது பக்கத்தையும் இதேபோல் பார்த்து இரண்டும் ஒரே வழியில் போகிறதா என்று ஒப்பிடுங்கள். வலது பக்கம் மட்டும் தொங்கினாலோ, பளபளவென்று ஒரு இடம் தேய்ந்திருந்தாலோ விஷயம் கிடைத்துவிட்டது. அப்புறம் கப்ளர். அதைக் கழற்றினால் உள்ளே இரண்டு பின் இருக்கும், பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்துச் சென்சாரின் ஓம் பார்க்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். பழைய காயில் வகைச் சென்சாருக்கு அது சரி, ஆயிரம் இரண்டாயிரம் ஓம் காட்டும். காந்தப் பட்டை பேரிங்கோடு வரும் சென்சாரில் உள்ளே மின்னணுச் சில்லு இருக்கிறது. அதில் ஓம் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, சென்சார் பாழாகவும் வாய்ப்புண்டு.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்து ஒருவர் ஓட்ட ஒருவர் பார்க்க வேண்டும். நேர்ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நாலும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். மூன்று 20 காட்டி ஒன்று திடீரென்று 0 போய் வந்தால் அது வயர் அல்லது கப்ளர். மெதுவாக நிறுத்தும்போது மற்ற மூன்றைவிட ஒன்று முந்திக்கொண்டு 0 ஆனால், சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடிவிட்டது, அல்லது விலை மலிந்த பேரிங்கில் காந்தம் பலவீனம். அந்த இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும், சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறிக்கிடந்தாலே அது கெட்டுவிடும். ஒன்று மட்டும் எப்போதும் ஓரிரண்டு கூடுதலாகவே காட்டினால் டயர் சைஸ் வேறு, அல்லது காற்று மிகவும் குறைவு. ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சின்னதாகத் தருகிற கார்கள் இப்போது நிறைய. பஞ்சர் ஆகி அதை மாட்டி ஓட்டும்போது இந்த விளக்கு வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், இதை நீங்கள் எழுதவில்லை. காய்ந்த ரோட்டில் சிக்னலுக்காக மெதுவாக நிறுத்தும்போது, வண்டி நிற்கப் போகிற கடைசி நொடியில் பிரேக் பெடல் காலுக்குக் கீழே கரகரவென்று அதிர்கிறதா? அதிர்ந்தால் ஒரு சக்கரம் பூட்டிவிட்டதாக மாட்யூல் ஏமாந்து ஏபிஎஸ்ஸை வேலை செய்ய விடுகிறது. அப்போது வண்டி நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். விளக்கை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கோடு சக்கரத்தைக் காட்டாமல் வேறெதையாவது காட்டினால் என்ன செய்வது? முதலில் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், ஆனால் இந்த விளக்கை எரியவைப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அதிலிருந்து மாட்யூலுக்குப் பெரும்பாலும் இரண்டு சிக்னல் போகும், ஒன்று சொல்வதை மற்றது மறுத்தால் விளக்கு வந்துவிடும். பிரேக் மிதிக்காமலே பின்விளக்கு எரிகிறதா, மிதித்தும் எரியவில்லையா என்று யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். அடுத்தது ஸ்டீயரிங் கோண சென்சார். வீல் அலைன்மென்ட் செய்த பிறகோ பேட்டரி கழற்றி மாட்டிய பிறகோ விளக்கு வந்தால் அதுதான். நேர்ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், நீங்கள் திருப்பிக்கொண்டே இருப்பதாக வண்டி நினைக்கும். சில வண்டியில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துச் சிறிது தூரம் நேராக ஓட்டினால் தானாகப் பழகிவிடும், சிலதுக்கு ஸ்கேனர் வைத்துப் பூஜ்ஜியம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பேட்டரி பலவீனமும் ஒரு காரணம். மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடும்போது வோல்ட் இறங்கினால் இந்த அமைப்பு சீக்கிரம் ஒதுங்கிவிடும். எஞ்சின் செக் விளக்கும் கூட எரிந்தால் பிரேக் பக்கமே போக வேண்டாம், எஞ்சின் கோளாறை முதலில் பாருங்கள். எஞ்சின் இழுவையைக் குறைக்கச் சொன்னால் கேட்கும் நிலையில் எஞ்சின் இல்லை என்பதால் பல வண்டிகளில் சறுக்கல் தடுப்பு தானாக அணைந்துகொள்ளும்.

சரி, மாட்யூல் போகவே போகாதா? போகும். உள்ளே பம்ப் மோட்டார் தேயும், சால்டர் விரியும். ஆனால் அதற்கு வரும் கோடு பம்ப் மோட்டார், வால்வு ரிலே, உள்கட்டுப்பாட்டுக் கோளாறு என்று நேராக அதன் பெயரையே சொல்லும், வெயில் நாளில் ஓய்வெடுத்துக்கொள்ளாது. அந்தக் கோடு வந்தாலும்கூட, பேட்டரியிலிருந்து மாட்யூலுக்குப் போகும் பெரிய பியூஸ், அதன் எர்த் போல்ட் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். எர்த் போல்டில் துரு இருந்து மாட்யூல் மேல் பழி விழுந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மாற்றினால் அதோடு வேலை முடியாது. புது மாட்யூலுக்கு உங்கள் வண்டியின் விவரத்தை ஸ்கேனரில் ஏற்ற வேண்டும், பிரேக் லைனில் காற்று எடுக்க வேண்டும், பல வண்டிகளில் அதையும் ஸ்கேனர் வைத்துப் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும், ஸ்டீயரிங் பூஜ்ஜியமும் திரும்பச் சொல்ல வேண்டும். காற்றைச் சரியாக எடுக்காமல் விட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பழைய மாட்யூல் வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால், இந்த மூன்றையும் செய்து தருவீர்களா என்று கேளுங்கள்.

அதுவரை ஓட்டுகிற விதம் பற்றி. இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள், தென்மலை வரைக்கும் இரண்டாவது மூன்றாவதுக்கு மேல் தேவையே இருக்காது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் மிதிக்காதீர்கள். விளக்கு எரிச்சலாக இருக்கிறது என்று டேஷ்போர்டில் உள்ள ஆஃப் பட்டனை அழுத்துவதால் லாபமில்லை. அந்தப் பட்டன் சேற்றில் சக்கரம் புதைந்தால் சுழற்றி வெளியே வர மட்டும்தான், ரோட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். பியூஸைப் பிடுங்கி விளக்கை அணைக்கிறேன் என்று யாராவது வந்தால் வண்டியைக் கொடுக்காதீர்கள், ஏபிஎஸ்ஸும் அதோடு போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போட வேண்டாம், இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தக் கோடு வந்தது, வயரையும் கப்ளரையும் கழற்றிப் பார்த்தீர்களா. கோடு எழுதிய ஸ்கேன் தாளை உங்களுக்குத் தர அவர்களுக்குச் சிரமம் எதுவும் இல்லை. பேரிங் மாற்றிய ஒர்க்‌ஷாப்பிலும் வண்டியைக் காட்டுங்கள், விட்டுப்போன கிளிப் என்றால் அவர்களே மாட்டித் தர வேண்டியதுதான். வயர் தேய்ந்திருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற விடாதீர்கள், அந்த இடம் தினமும் மடங்கி நிமிர்கிற இடம், அடுத்த மழையில் திரும்ப வரும். சென்சாரும் வயரும் ஒன்றாகத்தான் விற்கிறது, முழுசாக மாற்றுவது நல்லது. அந்தத் தாளில் இருக்கும் கோடு எண்ணையும், விளக்கு வந்தபோது எந்தப் பக்கம் ஒடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதையும், பெடல் அதிர்கிறதா இல்லையா என்பதையும் இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.